ஊற்றின மருந்து

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம்தான், முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் மக்கர் பண்ணுகிறது. நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் 'ம்' என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒன்றும் வராது. 'ம்' என்று எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்ப உனக்கே கூச்சமாக இருக்கும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

அப்பா போய் நாலு மாதம் ஆகிறது. பின்பக்கக் கொட்டகையைக் காலி பண்ணலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனேன். தார்ப்பாயை இழுத்தால், அப்பாவின் சின்ன டிராக்டர். டயர் நாலும் தரையோடு ஒட்டிக்கிடக்கிறது. பின்னால் மருந்து அடிக்கும் தொட்டி, குழாய் எல்லாம் அப்படியே மாட்டியிருக்கிறது. அப்பா இதை விற்கவும் இல்லை, ரிப்பேர் பார்க்கவும் இல்லை. பழைய இரும்புக்காரர் வாசலில் வந்து கேட்டபோதெல்லாம் 'அது கிடக்கட்டும்' என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

இதை ஓட வைக்கப் போகிறேன். பல் ஆஸ்பத்திரியில் பல்செட் செய்கிறவளுக்கு எஞ்சின் எதற்கு என்று நீ கேட்பாய். பல்செட்டைவிட இது பெரிது, கண்ணுக்குத் தெரிகிறது, வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. அதோடு எனக்கு ஒரு ஆசை. இது கிளம்புகிற அன்றைக்கு நீ இங்கே இருக்க வேண்டும். அப்பா போன அன்றைக்கு நீ வரவில்லை. ஏன் என்று நான் இன்னும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. வந்தால் போதும்.

இது கெட்டுப்போனபோது எனக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடம் போயிருந்தேன். நீ வீட்டில்தான் இருந்தாயாமே. என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுது.

அண்ணிக்கு என் அன்பு.

வாலு


பிப்ரவரி 19

வாலுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? மாடி அறையைக் கீழே மாற்றிவிடுங்கள், அதைவிட்டு மருந்து மாத்திரை என்று அலைய வேண்டாம்.

வண்டியை எடைக்குப் போட்டுவிடு. பதினெட்டு வருஷம் நின்ற எஞ்சினில் ஒன்றும் மிச்சமிருக்காது. உன் நேரம் வீண்.

கேட்க மாட்டாய் என்று தெரியும். அப்படியானால் பலத்தைப் போட்டுச் சுற்றாதே. முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்று. ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பார். கையால் சுற்றிப் பார்த்து, சுற்றவில்லை என்றால் விட்டுவிடு. அடித்துத் திருப்புகிறவர்களால்தான் எனக்குப் பாதி வேலை வருகிறது. இங்கே பதினாலு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் நின்றால், நான் போய்ச் சேர்வதற்குள் வாட்ச்மேன் சுத்தியலோடு நிற்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 2

அண்ணா,

அம்மா படுக்கையைக் கீழே மாற்றியாயிற்று. 'என் பையன் சொன்னான்' என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். நான் ஒரு வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், அது யார் காதிலும் ஏறவில்லை.

நீ எழுதினபடியே செய்தேன். பிளக் வந்துவிட்டது. எஞ்சின் கல் மாதிரி இருக்கிறது, அசையவில்லை. குச்சியை உருவினேன், ஒரு சொட்டு ஆயில் இல்லை. கீழே ஆயிலை வடிக்கிற திருகு இறுக்கமாக இருக்கிறது, ஒழுகின அடையாளமும் இல்லை. அப்படியானால் ஆயில் எங்கே போனது? கார்ப்பரேட்டர் ஓட்டைகளைப் பல் சுரண்டுகிற கம்பியால் சுத்தம் பண்ணினேன். அவ்வளவு அழகாக வந்தது, ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்தேன்.

இன்னொன்று. பின்னால் இருக்கிற தொட்டியில் செடி மருந்து காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கழுவவே இல்லை. நம் அப்பா. கம்பவுண்டராக முப்பது வருஷம் இருந்து, டம்ளரைக்கூட மூன்று தடவை அலசுகிறவர். ஒருநாளும் ஒரு பாத்திரத்தைக் கழுவாமல் மூடி வைத்ததில்லை. இதை மட்டும் ஏன் விட்டார்?

அவருடைய 'பேர் சொல்லு' ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இப்போதெல்லாம் அது காதிலேயே இருக்கிறது. 'கதவைச் சாத்திட்டியா?' 'சாத்திட்டேன்பா.' 'எந்தக் கதவு? பேர் சொல்லு.' 'பால் எடுத்து வச்சிட்டியா?' 'வச்சிட்டேன்.' 'எதை எங்க வச்சே, பேர் சொல்லு.' ஒரு 'ஆமாம்' சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. சின்ன வயதில் எரிச்சலாக வரும். இப்போது ஆஸ்பத்திரியில் என் கீழே இருக்கிற பெண்ணிடம் நானே அதைக் கேட்கிறேன்.

நான் கேட்ட ஒரு வரிக்கு நீ பதில் எழுதவில்லை. அம்மாவைக் கேட்டேன். 'வண்டியைப் பத்தி எனக்கு என்ன தெரியும்' என்று துணி மடிக்கப் போய்விட்டாள். மடித்து வைத்த துணியையே எடுத்து மறுபடி மடித்தாள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

வாலு


மார்ச் 20

வாலுக்கு,

நலம். அவளும் நலம், உன் பல் கம்பி வைத்தியத்தைச் சொன்னேன், சிரித்தாள்.

பிஸ்டன் ஒட்டியிருக்கிறது. பிளக் இருந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் ஆயிலும் பாதிப் பாதி கலந்து ஊற்று. நாலு நாள் தொடாதே. பிறகு சுற்றுகிற சக்கரத்தை இப்படியும் அப்படியுமாக, மணிக்கட்டுப் பலத்தில் மட்டும் ஆட்டு. அசையாவிட்டால் மறுபடி ஊற்று. மாதக் கணக்கில் ஆனாலும் பொறு. அசைந்தாலும் உடனே கிளப்பாதே. சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருக்கும், லேத்தில் கடைந்து புது பிஸ்டன் போட வேண்டியிருக்கும்.

நீ எழுதியிருக்கிற 'பேர் சொல்லு' எனக்குத் தெரியாது. நான் இருந்தவரைக்கும் அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. நேர்மாறாக, பாதி வார்த்தையைச் சொல்லிவிட்டு மீதியை நாம் புரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆள். நீ வேறு யாரையோ சொல்கிற மாதிரி இருக்கிறது.

தொட்டியில் அந்த வெள்ளைப் படிவு எந்த உயரம் வரைக்கும் இருக்கிறது? அடியில் மட்டுமா?

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 1

அண்ணா,

இன்றைக்கு என்ன தேதி என்று பார்த்துவிட்டுச் சந்தேகப்படாதே, நிஜமாகவே சொல்கிறேன். பிஸ்டன் அசைந்தது. ஒரு விரல்கடை. நான் கொட்டகையிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கு என்று தெரியவில்லை, சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, 'கையில அடிபட்டுதா?' என்றாள்.

தொட்டியை ஸ்கேல் வைத்தே அளந்தேன். அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கட்டி. ஆனால் வெள்ளைக் கோடு மேலே, விளிம்பு வரைக்கும் இருக்கிறது. அதாவது யாரோ முழுத் தொட்டி கலக்கி ஊற்றி, ஒரு சொட்டுகூடச் செடிக்கு அடிக்காமல் மூடிவிட்டார்கள். அத்தனையும் தானாகவே வற்றியிருக்கிறது.

இதை ஏன் கேட்டாய்? எஞ்சின் ரிப்பேருக்கும் தொட்டிக்கும் சம்பந்தம் இல்லை என்பது பல்செட் செய்கிறவளுக்கே தெரியும். லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாதா?

பதில் போடு.

வாலு


மே 28

அண்ணா,

எட்டு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போனில் அண்ணிதான் எடுக்கிறாள், 'வேலைக்குப் போயிட்டார்' என்கிறாள். நான் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டாலும் அதே பதில். பாவம், அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

இங்கே எல்லோரும் சுகம். எஞ்சினை முழுக்கப் பிரித்தாயிற்று. சிலிண்டர் லேத்துக்காரரிடம் இருக்கிறது. அந்த மனுஷர் எதையும் மூன்று தடவை அளக்காமல் வாயைத் திறப்பதில்லை. 'எப்ப கிடைக்கும்?' என்று கேட்டால் காலண்டரையும் மூன்று தடவை பார்க்கிறார். ஆனால் ஒன்றை மட்டும் ஒரே பார்வையில் சொன்னார். 'ஆயில் இல்லாம ஓட்டியிருக்காங்கம்மா. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், அதுக்கு மேல ஓடியிருக்காது.'

அண்ணா, இனிமேல் சுற்றி வளைக்கவில்லை. அந்த வருஷம்தான் நீ வீட்டைவிட்டுப் போனாய். வேலை கிடைத்துப் போனான் என்று எனக்குச் சொன்னார்கள், படிப்பு முடிவதற்குள் என்ன வேலை என்று கேட்க ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவில்லை. அதற்கப்புறம் இந்த வாசலை நீ மிதிக்கவே இல்லை. உன் கல்யாணத்துக்கு அம்மா மட்டும் வந்தாள். உனக்கும் அப்பாவுக்கும் என்னதான் நடந்தது? அவரைக் கேட்க இனி வழியில்லை. நீயும் சொல்லாவிட்டால் எனக்கு அண்ணன் என்று ஒரு கையெழுத்துதான் மிஞ்சும். எனக்கு அது போதாது.

வாலு


ஜூன் 15

வாலுக்கு,

நலமாக இருக்கிறேன். கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். படித்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சண்டை போடாதே.

ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த மூன்றாம் நாள். வண்டி வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, நான் அன்றைக்குத்தான் அதைக் கிட்டத்தில் பார்க்கிறேன். காலையில் நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் பழைய ஆயிலை வடித்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. நான் திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் விரலை வெட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அப்பா கட்டுப் போட ஓடினார். போகிறபோக்கில் 'அந்த மருந்தை ஊத்தி வைடா' என்றார். தொட்டி காலியாக இருந்தது. செடி மருந்தைக் கலக்கி, விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். வந்து, 'மருந்து ஊத்திட்டியா?' என்றார். 'ஊத்திட்டேன்பா' என்றேன். ஏறி உட்கார்ந்து கிளப்பினார்.

ஐந்து நிமிஷத்தில் ஒரு சத்தம் போட்டு நின்றது. குச்சியை உருவிப் பார்த்தார். 'ஊத்தவே இல்லையேடா. ஊத்திட்டேன்னு பொய் சொல்றியா?' என்றார். 'ஊத்தினேன்' என்றேன். அடித்தார். மறுபடி 'ஊத்தினேன்' என்றேன். மறுபடி அடித்தார். கட்டுப் போட்ட விரலோடு பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 'பொய் சொல்றவன் இந்த வீட்டுல இருக்க வேணாம்' என்றார் அப்பா.

ஆயில் என்கிற வார்த்தையே அவர் வாயிலிருந்து வரவில்லை, வாலு. தான் ஊற்ற மறந்ததை, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறார் என்பதற்காக என் தலையில் கட்டினார். பொய் சொன்னது அவர். பதினெட்டு வருஷமாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் போன அன்றைக்கு டிக்கெட்கூட எடுத்துவிட்டேன். பஸ் நிலையம் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

தொட்டி நிரம்பியிருந்தது என்று நீ எழுதினதைப் பலதடவை படித்தேன். நான் ஊற்றினேன் என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சியாவது இருக்கிறதே என்று இருந்தது.

அண்ணன்


ஜூலை 1

அண்ணா,

நீ நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள்.

உன் கடிதம் வந்தபோது எனக்கு அப்பாமேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இரண்டு நாள் அவர் போட்டோ இருக்கிற பக்கமே போகவில்லை. நேற்று புனல் ஒன்று தேடிக் கொட்டகை அலமாரியின் அடித்தட்டைக் குடைந்தேன். ஒரு ஆயில் டப்பா கிடைத்தது, மூடி திறக்காதது. அதன்மேல் ஆஸ்பத்திரி சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அப்பா வேலையிலிருந்து கொண்டுவருவாரே, பாட்டிலில் ஒட்டுகிற சீட்டு. மேலே பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறது: மருந்து. அதற்குக் கீழே அப்பாவின் கையெழுத்து. 'நோயாளி பெயர்: வண்டி. அளவு: ஒன்றேகால் லிட்டர்.' கடைசியில் அச்சடித்த வரி, 'நன்றாகக் குலுக்கிய பின் உபயோகிக்கவும்.' அதை மட்டும் பேனாவால் அடித்திருக்கிறார்.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிச் சீட்டைத் தடவிப் பார்த்தாள். வண்டி வாங்கின அந்த ஒரு மாதமும் அப்பா ஆயிலை மருந்து என்றுதான் சொல்வாராம். 'வண்டிக்கு மருந்து குடுக்கணும்' என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வாராம். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியுமாம், எனக்குத்தான் மறந்தே போயிருக்கிறது. நீ ஹாஸ்டலில் இருந்தாய். உனக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் கேட்டது ஆயிலை. நீ ஊற்றினது செடிக்கு அடிக்கிறதை. இரண்டுக்கும் அவர் வைத்த பெயர் ஒன்று. அண்ணா, அவரும் மறக்கவில்லை, நீயும் பொய் சொல்லவில்லை. நீ ஊற்றவில்லை என்று அவர் சொன்னதும் நிஜம், ஊற்றினேன் என்று நீ சொன்னதும் நிஜம்.

மீதியை அம்மா எழுதுகிறாளாம். நான் படிக்கக் கூடாதாம். நான் வேலைக்குக் கிளம்புகிறேன், உறையை அவளே ஒட்டுவாள்.

வாலு


(அதே உறையில்)

கண்ணா,

அம்மா எழுதறேன். நல்லா இருக்கியா? மருமக நல்லா இருக்காளா? என் எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துப் படி.

உன் தங்கச்சிக்கு இன்னும் ஒண்ணு தெரியாது. உங்கப்பாவுக்கு இது தெரிஞ்சு போச்சுப்பா. நீ போய் ரெண்டு வருஷம் கழிச்சு. ஒருத்தர் வந்து, வண்டி வேணாம், தொட்டியை மட்டும் விலைக்குத் தர்றீங்களான்னு கேட்டார். உங்கப்பா மூடியைத் திறந்தார். உள்ள விளிம்பு வரைக்கும் செடி மருந்து படிஞ்சு கிடந்துது. வந்தவர் என்னென்னமோ கேட்டார், இவர் காதுல விழல. 'விக்கிறதா இல்ல' அப்படின்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டார். உள்ள வந்து எங்கிட்ட சொன்னது ஒரே வார்த்தை. 'அவன் ஊத்தியிருக்கான்.' ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல.

எழுதுங்கன்னேன். பேப்பர் எடுத்தார், உன் பேரை எழுதினார், அதுக்கு மேல வரல. 'அவனே கேட்கட்டும், சொல்றேன்'னார். நீ கேட்கவே இல்ல. அதுக்கப்புறம்தான் அந்தப் 'பேர் சொல்லு' ஆரம்பிச்சுது. உன் தங்கச்சி சின்ன வயசுல அழுவா. எனக்குக் காரணம் தெரியும், நான் வாயைத் திறக்கல.

'நான்தான் சொல்லணும், நீ நடுவுல வராதே'ன்னு எங்கிட்ட வாக்கு வாங்கிக்கிட்டார். உன் கல்யாணத்துக்கு வந்தப்போ ரெண்டு தடவை உங்கிட்ட சொல்ல வந்துட்டேன். வாக்குன்னு திரும்பிட்டேன். பெத்தவ வாக்கு பாத்துக்கிட்டு நின்னிருக்கேன் பாரு. அவரை நீ மன்னிக்கிறியோ இல்லியோ, அது உங்க ரெண்டு பேருக்குள்ள. எம்மேல கோபம் இருந்தா அது நியாயம்தான்.

அம்மா


செப்டம்பர் 6

அண்ணா,

இங்கே சுகம். அங்கே எப்படி என்று தெரியவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது.

எஞ்சின் சேர்த்தாயிற்று. லேத்துக்காரர் கடைசித் திருகை இறுக்கிவிட்டு, அதையும் அளந்து பார்த்தார். தொட்டியை வெந்நீர் விட்டு மூன்று தடவை அலசினேன். கிளப்பவில்லை. நீ வந்த பிறகுதான் என்று வைத்திருக்கிறேன்.

அம்மா வாசலில் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்திருக்கிறாள். எழுந்திருக்க அவளுக்கு இப்போது இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. கோபமாக இருந்தால் கோபமாக இருக்கிறேன் என்றாவது எழுது.

வாலு


செப்டம்பர் 24

அம்மாவுக்கும் வாலுக்கும்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதாததற்குக் காரணம் கோபம்தான்.

முதலில் அப்பா மேல். தெரிந்தும் பதினாறு வருஷம் வாய் திறக்காத மனுஷர்மேல் கோபப்படாமல் என்ன செய்வது? ஊரார் எதிரில் அடித்தவருக்கு, தனியாக ஒரு போன் பண்ண முடியவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, போய்விட்டது என்று சொன்னால் அதுதான் பொய். பிறகு உன்மேல் அம்மா. அது ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை, முழங்காலுக்கு மருந்து தடவிக்கொள்கிறாயா? கடைசியில் என்மேல். 'எந்த மருந்துப்பா?' என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்கப்புறமும் கேட்டிருக்கலாம். அவர் நான் கேட்கட்டும் என்று இருந்தார், நான் அவர் சொல்லட்டும் என்று இருந்தேன்.

வாலு, வண்டியைக் கிளப்பிவிடு. எனக்காக நிறுத்தி வைக்காதே, ஏற்கனவே ரொம்ப நாள் நின்றுவிட்டது. முதல் பத்து நிமிஷம் மெதுவாக ஓட்டு.

கடிதங்களை எல்லாம் நேற்று அண்ணியிடம் கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அப்பாவைப் பற்றித் தெரிந்தது நான் சொன்னது மட்டும்தான். கல்யாணத்துக்கு அவர் வரவில்லை என்று அவள் வருத்தப்பட்டபோதுகூட, 'பொய்க்காரர் வந்தா என்ன, வராட்டி என்ன' என்று நான்தான் சொன்னேன். அதற்கப்புறம் அவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள். எனக்காக.

முழுக்கப் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப பொய் சொன்னது யாரு?"

"யாரும் இல்ல."

"யாருமே சொல்லலையா?"

"இல்ல."

"அப்ப நான் பதினோரு வருஷமா யாரை வெறுத்துக்கிட்டிருந்தேன்?"

அவள் எழுந்து போய் அலமாரிக்கு மேலே இருந்த பெட்டியை இறக்கி, துணி அடுக்க ஆரம்பித்தாள். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி காலையில் அங்கே வந்து சேர்வோம்.

அண்ணன்